நாற்பத்தோராம் பக்கம்

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் அட்டை போடுவது வழக்கம். கஞ்சத்தனம் இல்லை, பக்தி. கோயிலில் கொடுக்கும் காலண்டரில் மேலே எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பாதுகாவலரான புனிதர் கோடி அற்புதரின் பெரிய படம் இருக்கும், கீழே மாதத் தாள்கள் தொங்கும். டிசம்பர் முடிந்தால் தாள்கள் போய்விடும், புனிதர் மிஞ்சுவார். அவர் முகத்தைக் கசக்கிக் குப்பையில் போட யாருக்குக் கை வரும்? அதனால் அப்பா மேலும் கீழும் இருக்கும் தகரப்பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, படம் உள்பக்கமும் வெள்ளை வெளிப்பக்கமுமாக மடித்து, அந்த வருஷம் தான் படித்ததில் சிறந்த புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டுவிடுவார். ஒரு காலண்டர், ஒரு படம், ஒரு புத்தகம். ஜனவரி முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் இதற்கு ஒரு தேர்தலே நடக்கும். ஓட்டு அப்பாவுக்கு மட்டும்தான்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் கடைசல் பிரிவில் இருந்தார். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம், ஓய்வு பெற்று சேக்காட்டில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்ந்தது. முதுகில் பெயர் எழுத மாட்டார். அலமாரியில் வெள்ளை வெள்ளையாக இருபத்தொன்பது புத்தகங்கள் நிற்கும், எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போன பிறகு, எது எது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. அம்மாவுக்குக் கண்ணில் புரை. எனக்கு அந்த அலமாரிப் பக்கம் போகவே மனசு வரவில்லை.

எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் முடித்த தேதியும் ஒரு சொல்லும் மட்டும் எழுதியிருப்பார். "நன்று." "பரவாயில்லை." முதன்முதலில் அட்டை போட்ட புத்தகத்தில் மட்டும் கதை வேறு. அது ஏதோ பனிதேசத்துத் தடிமனான நாவலின் மொழிபெயர்ப்பு. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அதெல்லாம் ஒரு நாவலா என்று இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். அதன் ஓரங்கள் முழுக்க நீல மையில் பொடிப்பொடியாக அப்பாவின் எழுத்து. நான் பிறந்த வருஷம் அவர் படித்த புத்தகம். அவர் போன பிறகு அதைப் படிக்க வேண்டும், நிதானமாகப் படிக்க வேண்டும் என்று ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தேன். நிதானம் எங்கே இருக்கிறது? போன வருஷம் மே மாதம் ஒரு வேகத்தில், அம்மாவிடம் சொல்லாமல், கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ரயிலில் படிக்கலாம் என்று திட்டம். சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டேன். புத்தகம் சீட்டிலேயே போய்விட்டது.

படித்தது நான்கு பக்கம். அந்த நான்கு பக்கத்திலும் கதையைத்தான் படித்தேன், அப்பாவின் எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவர் எனக்கு விட்டுப்போன எழுத்து என்று அது ஒன்றுதான், அதைப் படிக்காமலே தொலைத்தேன். ஸ்டேஷன் வாசலில் நின்று ஒவ்வொரு ஆட்டோக்காரரையும் விசாரித்தேன். "புக்கா? செல்போனுன்னா கூட குட்ப்பாங்கக்கா, புக்க எவன் எடுத்து வெச்சிகினு இருக்கப் போறான்?" என்றார் ஒருவர். ஆறுதல் சொல்கிறாரா கேலி செய்கிறாரா என்று புரியவில்லை.

அம்மா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கண் தெரியாவிட்டாலும் தினமும் அலமாரியைத் துடைப்பவள், கை இடைவெளியைத் தொட்டுவிட்டது. திட்டினால் தாங்கியிருப்பேன். துடைத்த துணியை மடித்து அந்த இடைவெளியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்பா இறந்ததிலிருந்து அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். புனிதருக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஜூன் மாதம் திருவிழாக் கொடி ஏறியதும், "என்னைக் கூட்டிட்டுப் போ. தொலைஞ்சதைத் தேடித் தர்றதுதானே அவரு வேலை? செய்யட்டும், பாக்கிறேன்" என்றாள். வேண்டுதலா சவாலா தெரியவில்லை.

கொடியேற்றம் முடிந்து ஒன்பது நாள் நவநாள் நடக்கும். தினமும் சாயங்காலம் ஒவ்வொரு தெருக்குழு, அதாவது அன்பியத்தார், பொறுப்பு, பூசைக்குப் பிறகு ஆளுக்கொரு சின்ன அப்பம், உப்பும் மிளகும் காணிக்கை. விண்ணப்பப் பெட்டியில் போட்ட சீட்டுகளை மைக்கில் வாசிப்பார்கள். விசா, வரன், குழந்தை, மூட்டுவலி என்று போகும். மூன்றாம் நாள் அம்மாவின் சீட்டு வந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அப்பாவின் பெயர், அவர் மறைந்த விவரம், தொழிற்சாலையில் பார்த்த வேலை, புத்தகத்தின் பெயர், உள்ளே புனிதர் படத்தோடு போட்ட வெள்ளை அட்டை, படம் எந்த வருஷத்துக் காலண்டர் என்பது வரை. போலீஸில் கொடுக்கும் புகார் கூட அவ்வளவு விவரமாக இருக்காது. கிடைத்தால் திருவிழாவன்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்கிறேன் என்று முடித்திருந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

ஐந்தாம் நாள் காலை, கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் சைக்கிளில் வந்து நின்றார். கையில் ஒரு மருந்துக்கடைப் பை. "யக்கா, கெபி கிட்ட மெழுகுவத்தி ஸ்டாண்டு கீழ கீது. யாரு வெச்சாங்கன்னு தெர்ல. அம்மா சொன்ன புக்கு இதான பாரு."

வெள்ளை அட்டை. அதே தடிமன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். அட்டையை விரல்விட்டுப் பிரித்து, உள்ளே இருந்த படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரு கையில் குழந்தை, குழந்தைக்கு அடியில் புத்தகம், இன்னொரு கையில் லீலி மலர். அந்த வருஷத்துப் படத்தில் மட்டும் புனிதருக்குப் பின்னால் ஒரு நீலத் திரை இருக்கும். அதுவும் இருந்தது. "வந்துட்டாருடி" என்று அழுதாள். புனிதரைச் சொன்னாளா அப்பாவைச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நான் வாங்கிப் புரட்டினேன். அதே நாவல், அதே பதிப்பு. ஆனால் ஓரங்களில் நீல மை இல்லை. பென்சில் எழுத்து, பெரிய பெரிய கோணல் எழுத்து. அப்பாவின் கை இல்லவே இல்லை. "நம்மளுதுதானே?" என்றாள் அம்மா. உபதேசியாரும் என்னையே பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

ஏன் சொன்னேன்? இரண்டு வருஷமாக அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை, அதைக் கெடுக்க வாய் வரவில்லை என்று சொல்லலாம். தொலைத்த குற்றம் ஒரே சொல்லில் கழன்றுவிடும் என்ற சுயநலமும் இருந்தது. எது முன்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. உபதேசியார் சைக்கிளைத் திருப்பும்போதே "அற்புதம்" என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

எனக்கு மண்டை காய்ந்தது. வேறு ஒருவர் புத்தகம் என்றால், அதே வருஷத்துக் காலண்டரை அதே நாவலுக்கு உள்ளும் வெளியுமாக அதே மாதிரி திருப்பிப் போடும் இன்னொரு பைத்தியம் இந்த ஊரில் யார்? அவர் எதற்காக அதைக் கோயில் முன்னால் குகை மாதிரிக் கட்டியிருக்கும் கெபியில் வைத்தார்? மறந்து வைத்தாரா? அப்படியானால் அவரும் இப்போது அதே புனிதரிடம் வந்து என் புத்தகம் காணோம் என்று முட்டிக்கொள்வாரா? புனிதருக்கே குழப்பம் வந்திருக்கும்.

உரியவரைக் கண்டுபிடிக்கலாம் என்று மிச்சமிருந்த நாட்களில் அந்தப் பென்சில் எழுத்தைப் படித்தேன். பெயர் எங்கும் இல்லை. முதல் நாற்பது பக்கங்களின் ஓரத்தில் எழுத்தே இல்லை, ஆனால் இருந்திருக்கிறது. ரப்பர் வைத்து அழித்திருந்தார்கள். தாள் அங்கங்கே மயிர் கிளம்பியிருந்தது, மடிப்பில் ரப்பர் தூள் கூட புதிதாக இருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் "அவன்" என்ற ஒரு சொல் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. நாற்பத்தொன்றிலிருந்து அழிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் தபால்காரர் பனியில் வழுக்கி விழும் இடத்துக்கு நேராக இப்படி இருந்தது: "இங்கே அவன் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தான். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவமானம்."

அதற்குப் பிறகு எல்லாம் அந்த அவன்தான். "அவன் ஒத்துக்கொள்ளவில்லை." "அவன் சொல்வது தப்பு, நாளைக்குக் கேட்க வேண்டும்." "அவன் சொன்னது ரைட்டு." நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்: "நான்கு நாளாக அவன் ஷிப்டுக்கு வரவில்லை. பெண் குழந்தையாம். இங்கேயே நிற்கிறேன், அவன் வரட்டும்."

அதைப் படித்ததும் நான் பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடனே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஷிப்டு என்றால் ஆவடியில் எத்தனை தொழிற்சாலை? அந்த வருஷம் குவார்ட்டர்ஸில் பிறந்த பெண்கள் மட்டும் ஒரு வகுப்பு நிறைய இருந்தோம். அப்பா யாரோடும் சேர்ந்து புத்தகம் படித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த அப்பா தனியாக, வாயை மூடிக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுப் படிப்பவர். பஸ்ஸில் வாய்விட்டுச் சிரிக்கும் ஆள் இல்லை. அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்டால் பொய் வெளிவந்துவிடுமே.

திருவிழா நாள் காலைப் பூசையில் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் திறந்த புதிது என்பதால் பிள்ளைகளின் பாடப்புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் புனிதர் பாதத்தில் குவித்து வைத்து மந்திரிப்பார்கள். புனிதர் கையிலேயே புத்தகம் இருக்கிறதே. அவருடைய ஜெபப் புத்தகத்தை மடத்துப் பையன் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடினானாம், அவர் மன்றாடியதும் மனம் மாறித் திரும்பக் கொண்டுவந்தானாம். அதனால்தான் தொலைந்த பொருளெல்லாம் அவர் இலாகா. சாமியார் வருஷா வருஷம் இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்வார். இந்த முறை சொல்லும்போது எங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திரும்பி வந்தது வேறு யாரோ ஒருவருடைய ஜெபப் புத்தகமாக இருந்திருந்தால் புனிதர் என்ன செய்திருப்பார் என்று எழுந்து கேட்கலாமா என்று தோன்றியது. அந்தக் குவியலில், பழுப்பு அட்டை நோட்டுகளுக்கு மேலே, அம்மா எங்கள் வெள்ளை அட்டையையும் வைத்திருந்தாள்.

நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை வாங்கி முடிந்ததும் அம்மா மைக் முன்னால் போய் நின்றாள். வரும் வழியிலாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன், தைரியம் வரவில்லை. "என் வீட்டுக்காரர் கைப்பட எழுதின புஸ்தகம். என் மக தொலைச்சிட்டா. நான் புனிதர் மேல கோவமா இருந்தேன். அவரு என் மேல கோவமா இல்ல" என்றாள். அவ்வளவுதான் சாட்சி. கோயில் முழுக்கக் கை தட்டியது. எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்த்தம் தெளித்து முடித்ததும் பிள்ளைகள் குவியலின் மேல் விழுந்தார்கள். கூட்டம் வெளியே அசனச் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் நகர்ந்த பிறகுதான் என்னால் கிட்டே போக முடிந்தது. வெள்ளை அட்டையைக் காணோம். திரும்பினால், தூணோரம் ஒரு வயதானவர் அதை வைத்துக்கொண்டு நிற்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே வைத்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்.

"அது எங்களோடது" என்றேன். இரண்டாவது பொய், முதலாவதை விடச் சுலபமாக வந்தது.

"ஆமாம்மா, உங்களுதுதான்" என்று உடனே நீட்டினார். ஆனால் அவர் விரல் ஒரு பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

"இது உங்களோடதா?"

அவர் அம்மா எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். "மெதுவா பேசு கண்ணு. உங்கம்மா காதுல வுழப் போவுது."

தூணுக்கு அந்தப்பக்கம் போய் நின்று சொன்னார். அப்பாவோடு கடைசல் பிரிவில் அடுத்த மெஷினில் இருந்தவர். ஊர் பூந்தமல்லிதான். ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாவலில் ஆளுக்கொரு பிரதி வாங்கினார்கள், ஷிப்டு பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். ஜனவரியில் இரண்டு காலண்டரையும் ஒரே கத்தரிக்கோலால் வெட்டி அட்டை போட்டார்கள். எனக்கு மூன்று வயதிருக்கும்போது அவருக்கு வடக்கே மாற்றல். "மொதல்ல லெட்டரு போட்டுகினு இருந்தோம். அப்பறம் நின்னுபோச்சு. ரிட்டேர் ஆவி கரையான்சாவடில புள்ள ஊட்டோட வந்து நாலு வருசம் ஆவுது. இன்னா, அஞ்சாறு மைலு. மச்சான போய் பாக்கணும், பாக்கணும்னு இருந்தேன். நவநாளுக்கு வந்தா பாத்துக்கலாம்னு வந்தேன். பின்னாடி குந்திகினு இருக்கேன், மைக்குல படிக்கிறாங்க. மறைந்த என் கணவர்னு."

 அப்பா இறந்ததை அவர் அம்மாவின் சீட்டில்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். பின்வரிசையில் யார் சிரித்தார்களோ, அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

"அவரு புக்கு போனா இன்னா, எங்கிட்ட ஒண்ணு கீதே. அதே அட்டை, அதே படம். நீ கைய புட்சி கூட்டிகினு போறத பாத்தேன். கண்ணு தெரியாத மனுஷி, இன்னாத்த கண்டுபுடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். எம் பென்சிலு கிறுக்கல மட்டும் அழிச்சிட்டா போதும்னு பேரன் ரப்பர எடுத்துகினு குந்துனேன்."

"நாப்பது பக்கத்தோட நிறுத்திட்டீங்களே?"

அவர் விரல் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. "அழிச்சிகினே வந்தேன். இங்க வந்தா உங்க நைனா சிரிக்கிறாரு. அதுக்கு மேல கை போவல கண்ணு."

நான் அங்கேயே, கோயிலுக்குள், தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவமானம், சந்தோஷம், அவர் மேல் கோபம், என் மேல் கோபம், எல்லாம் ஒரே நேரத்தில். ஐந்தாறு மைல். நான்கு வருஷம். அதில் இரண்டு வருஷம் அப்பா உயிரோடு இருந்தார், சுவர்ப்பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பெண் குழந்தை நான்தான் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. நான் பிறந்ததற்காக ஒரு மனுஷன் நான்கு நாள் ஒரே பக்கத்தில் நின்றிருக்கிறார்.

அம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். குரலை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "அண்ணே! நீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் முதல் வேலையாக, "பாத்தீங்களா, அவரு புஸ்தகம் கிடைச்சிருச்சு" என்று பெருமையாகச் சொன்னாள்.

"பாத்தேன் தங்கச்சி" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

பந்தலில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா இன்னும் கொஞ்சம் சாம்பார் சாதம் கேட்டு வாங்கப் போன நேரத்தில், புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் என் மடியில் திருப்பி வைத்தார். இரண்டு முறை அப்படி நடந்தது. மூன்றாம் முறை நான் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். லேபிள் சரிபார்க்கிற வேலை, பென்சில் எப்போதும் இருக்கும்.

"அழிச்ச நாப்பது பக்கம் ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்தார். பிறகு கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். "மொதல் பக்கத்துல இன்னா போட்டிருந்தேன்னா, இவன் என்னவிட வேகமா படிக்கிறான், பக்கம் திருப்பறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்தை கேக்கச் சொல்லணும்னு."

அவர் சொல்லச் சொல்ல நான் ஓரத்தில் எழுதினேன், அன்றைக்கு ஏழு பக்கம்தான் முடிந்தது. பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் சேக்காட்டுக்கு வந்தார். அப்பா எழுதி வைத்திருந்ததை உரக்கப் படிக்கிறோம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள், எதிரே உட்கார்ந்து கேட்டாள். நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்வேனா என்றும் தெரியவில்லை. அப்பாவின் பிரதி எங்கே, யார் கையில் என்று இன்றுவரை தகவல் இல்லை.

யாருடைய புத்தகம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முதல் நாற்பது பக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது. நாற்பத்தொன்றில், அவர் கையெழுத்தில், அப்பா சிரிக்கிறார்.